நேமெசேக் முதல் க்ரீன்ஹவுஸ் வரை: ஆங்கிலக் கூட்டுச்சொல்லில் சிலபிளும் ஸ்ட்ரெஸ்ஸும் பிசகும் இடங்கள்

டியூஷனில் ஒரு பையன் பாடத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். நடுவில் 'நேமெசேக்' என்று ஒரு சொல் வந்து விழுந்தது. எனக்கே ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. எட்டிப் பார்த்தால், நேம்சேக். அதே பெயருள்ள இன்னொரு ஆள் என்று பொருள். தாத்தாவின் பெயரைத் தாங்குவதால் 'பெயரன்', அதுதான் 'பேரன்' ஆனது என்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி உறவு.

பையன் செய்தது ஒரே ஒரு தப்புதான். இடமிருந்து வலமாக எழுத்தெழுத்தாக வெட்டிக்கொண்டே போய்விட்டான். கறிக்கடையில் கோழியை யாரும் அப்படி வெட்டுவதில்லை. மூட்டு எங்கே என்று விரலால் தடவிப் பார்த்து, அங்கேதான் கத்தியை வைப்பார்கள். நேம்சேக் இரண்டு சொல் ஒட்டிய கூட்டுச்சொல்: நேம் ஒரு துண்டு, சேக் ஒரு துண்டு. முதலில் மூட்டில் வெட்டு, அப்புறம் ஒவ்வொரு துண்டையும் காதால் எண்ணு, கடைசியில் அழுத்தம், அதாவது ஸ்ட்ரெஸ், எங்கே என்று பார். கீழே வரும் பெரும்பாலான கோளாறுகள் இந்த வரிசையை மாற்றுவதால் வருபவைதான்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். சிலபிளை 'அசை' என்று சொல்லிக்கொடுப்பது நம் வழக்கம். யாப்பு படித்த பிள்ளைகளுக்கு அது வில்லங்கம். 'கருவிளம்' என்பதை யாப்பில் கரு, விளம் என இரண்டு அசையாகப் பிரிக்கிறோம், நிரை நிரை. ஆங்கிலக் கணக்கில் அது க, ரு, வி, ளம் என நான்கு சிலபிள். ஓர் உயிரொலிக்கு ஒரு சிலபிள், அவ்வளவுதான் கணக்கு. அதனால் இங்கே சிலபிள் என்றே எழுதுகிறேன். அழுத்தத்தைக் காட்ட அகராதிகளில் வரும் ˈ என்ற மேல்கோட்டையே போடுகிறேன். கோட்டை அடுத்து வரும் சிலபிள்தான் அழுத்தமானது.

அறிகுறி: எண்ணினால் ஒன்றோ இரண்டோ கூடுதலாக வருகிறது

முதல் சந்தேகம் ஊமை 'ஈ' மீது விழ வேண்டும். தனியாக நிற்கும்போது நேம், ஹோம், லைம், சம் ஆகியவற்றின் கடைசி 'ஈ'யை யாரும் உச்சரிப்பதில்லை. பின்னால் இன்னொரு சொல் ஒட்டியதும் அது நடுவில் மாட்டிக்கொள்கிறது, கண் ஏமாந்து அதற்கு உயிர் கொடுத்துவிடுகிறது. ஹோம்வொர்க், லைம்ஸ்டோன், க்ரேப்ஃப்ரூட், ஸ்பேஸ்ஷிப், சம்வேர் எல்லாமே இரண்டே சிலபிள். மூட்டில் வெட்டிவிட்டால் 'ஈ' மறுபடியும் கடைசி எழுத்தாகிவிடும், தானாக ஊமையாகிவிடும்.

டைம்டேபிளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம், இதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். எழுத்து ஒன்பது. அதில் ஐ, ஈ, ஏ, ஈ என உயிரெழுத்து நான்கு. அதனால் நான்கு சிலபிள் என்று ஒரு கட்சி. ஊமை 'ஈ' இரண்டையும் கழித்தால் இரண்டு என்று இன்னொரு கட்சி. இரண்டுமே தப்பு. மூட்டில் வெட்டினால் டைம், டேபிள். டைம் ஒன்று. டேபிளில் 'டே' ஒன்று. மீதி இருக்கும் 'பிள்' என்ற இடத்தில் ஆங்கிலக்காரர் வாயில் உயிரொலியே கிடையாது, 'பி'யை அடுத்து வரும் 'எல்' தானே உயிரின் வேலையையும் பார்த்துக்கொள்கிறது. நாம் ஓர் இகரத்தைச் செருகி 'பிள்' என்கிறோம். எப்படிச் சொன்னாலும் அது ஒரு சிலபிள். ஆக மூன்று: ˈடைம்-டே-பிள். பாட்டில்நெக், மிடில்மேன் இரண்டுக்கும் இதே கணக்கு, மும்மூன்று.

இரண்டாவது சந்தேகம் நம் நாக்கின் மீது. தமிழ்ச் சொல் க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்களில் முடியாது. இலக்கணமே அப்படித்தான், நாக்கும் அப்படித்தான் பழகியிருக்கிறது. எனவே புக் 'புக்கு' ஆகிறது, லேம்ப் 'லேம்ப்பு' ஆகிறது. தனிச்சொல்லில் ஓர் உகரம் கூடினால் போகட்டும் என்று விடலாம். கூட்டுச்சொல்லில் இரண்டு துண்டுக்கும் ஒவ்வோர் உகரம் சேரும். 'லேம்ப்பு போஸ்ட்டு' நான்கு சிலபிள், லேம்ப்போஸ்ட் இரண்டுதான். 'இஸ்' கோளாறும் இதன் பங்காளி. டீஸ்பூனை 'டீ-இஸ்பூன்' என்று மூன்றாக்குபவர்கள் இருக்கிறார்கள்.

தாடைக்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு, தாடை எத்தனை முறை இறங்குகிறது என்று எண்ணும் சோதனை எல்லோருக்கும் தெரியும். நல்ல சோதனைதான். ஆனால் 'லேம்ப்பு போஸ்ட்டு' என்று சொல்லிக்கொண்டே கையை வைத்தால் கை தப்பான விடையைத்தான் உறுதிசெய்யும். முதலில் உகரத்தை விழுங்கிப் பழகுங்கள். உதட்டை மூடியபடியே 'ப்' என்று நிறுத்தி, காற்றை விடாமல் அடுத்த துண்டுக்குப் போங்கள்.

ஃபயர்ப்ளேஸ், ஃபயர்மேன் மாதிரிச் சொற்களில் ஃபயரை ஒன்றாகச் சொல்பவரும் உண்டு, ஃப-யர் என இரண்டாகச் சொல்பவரும் உண்டு. இதற்காகச் சண்டை வேண்டாம்.

அறிகுறி: எண்ணிக்கை சரி, வெட்டிய இடம்தான் கோணல்

பெரும்பாலும் 'ஹெச்' செய்யும் வேலை. பாட்ஹோல், அதாவது ரோட்டுப் பள்ளம். முதல் துண்டின் கடைசியில் 'டீ', இரண்டாம் துண்டின் தொடக்கத்தில் 'ஹெச்'. இரண்டும் பக்கத்தில் உட்கார்ந்ததும் 'தி' என்ற சொல்லில் வரும் தகரம் போலத் தெரிகிறது, 'பாதோல்' என்று வாசித்துவிடுகிறார்கள். லூப்ஹோலில் 'பீ'யும் 'ஹெச்'சும் சேர்ந்து ஃபோன் நினைவை எழுப்பி 'லூஃபோல்' ஆக்குகின்றன. ஹாட்ஹவுஸ், அப்ஹில், நைட்ஹுட் எல்லாம் இதே வகை. மூட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எழுத்து அந்தப் பக்கத்து எழுத்தோடு சம்பந்தம் பேசாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடக் குறும்பானது நோவேர், எங்கும் இல்லை என்ற பொருளில் வரும் சொல். அதை 'நவ்', 'ஹியர்' என்றும் வெட்டலாம். இரண்டு துண்டும் நிஜச் சொற்கள், ஆனால் வெட்டு தப்பு. இந்த மாதிரி இடத்தில் பொருள்தான் நடுவர். எங்கும் இல்லை என்ற பொருளுக்கு நோ, வேர் என்று வெட்டினால்தான் கணக்கு நேராகும்.

மூட்டு கண்ணுக்குத் தெரிந்தும் காதுக்குக் கேட்காத சொற்களும் உண்டு. ஷீப்பும் ஹெர்டும் சேர்ந்த சொல் இன்று ஷெ-ப்பர்ட். 'ஹெச்' செத்து ரொம்ப நாளாகிவிட்டது. லண்டனில் க்ளாப்ஹாம் என்று எழுதிய ஊரை க்ளா-ப்பம் என்கிறார்கள். இன்னும் வேடிக்கை லூயிஷம். அங்கே 'லூயிஸ்', 'ஹாம்' என்று இருந்த மூட்டின் இரு பக்கமும் இருந்த 'எஸ்', 'ஹெச்' இரண்டும் கடைசியில் கல்யாணமே பண்ணிக்கொண்டு 'ஷ்' ஆகிவிட்டன. மேலே சொன்ன விதி ஊர்ப்பெயர்களிடம் செல்லாது என்பதற்கு லூயிஷம் ஒன்றே போதும்.

அறிகுறி: பிரித்து வாசித்தால் கேட்பவருக்கு எந்தச் சொல் என்றே புரியவில்லை

கும்பகோணத்தைக் கும்மோணம் என்கிறோம். புதிதாகத் தமிழ் படித்த ஒருவர் பஸ்ஸ்டாண்டில் வந்து ஓர் எழுத்து விடாமல் 'கும்-ப-கோ-ண-ம்' என்று கேட்டால் கண்டக்டர் எப்படிப் பார்ப்பார்? 'கப்-போர்ட்' என்று பிரித்து வாசிக்கும் நம்மை ஆங்கிலக்காரர் அப்படித்தான் பார்க்கிறார். அவர்களுக்கு அது ˈக-பட், இரண்டாவது சிலபிள் மங்கி முணுமுணுப்பாகிவிட்டது. 'ப்ரேக்', 'ஃபாஸ்ட்' சேர்ந்தது ˈப்ரெக்-ஃபஸ்ட். கப்பல்காரர்களின் 'போட்ஸ்வெய்ன்' வெறும் ˈபோ-சன். க்ரீன்விச் என்று எழுதி ˈக்ரெ-னிச் என்கிறார்கள்.

இவற்றை மூட்டில் வெட்டக் கூடாது. மூட்டு ஒட்டி எலும்பாகிவிட்டது. பட்டியலாகப் போட்டு மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. நல்லவேளை, பட்டியல் சின்னது. சில சொற்கள் பின்னோக்கியும் நடக்கின்றன. நெற்றியைக் குறிக்கும் சொல்லை அந்தக் காலத்தில் ˈஃபா-ரிட் என்பார்கள், இன்று எழுத்தைப் பார்த்து ˈஃபோர்-ஹெட் என்பது பரவலாகிவிட்டது.

அறிகுறி: பிரித்தது சரி, ஆனால் சொன்னதும் வேறு பொருள் போய்ச் சேர்கிறது

இதுதான் முக்கியமான கோளாறு. தமிழில் ஒரு சொல்லை எந்த இடத்தில் அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது. அதனால் அழுத்தம் என்றால் நமக்கு ஓர் அலங்காரம். ஆங்கிலத்தில் அது நம் ஊர் ஒற்றெழுத்து மாதிரி. 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. நடுவில் ஒரு 'ப்' வந்ததும் இரண்டு சொல் ஒட்டி ஒரே பொருளின் பெயராகிவிட்டது. தமிழ் 'ப்' போட்டுச் செய்யும் ஒட்டு வேலையை ஆங்கிலம் முதல் துண்டை அழுத்திச் செய்கிறது.

ˈக்ரீன்-ஹவுஸ் என்றால் செடி வளர்க்கும் கண்ணாடிக் குடில், பச்சையாக இருக்க வேண்டும் என்பதில்லை. க்ரீன் ˈஹவுஸ் என்றால் பச்சைப் பெயின்ட் அடித்த வீடு. ˈப்ளாக்-போர்ட் பள்ளிக்கூடத்துப் பலகை, இப்போது பலவும் பச்சைதான். ப்ளாக் ˈபோர்ட் ஏதோ ஒரு கறுப்புப் பலகை. அமெரிக்க அதிபர் மாளிகைக்கு 1901இல் தியோடர் ரூஸ்வெல்ட் அதிகாரபூர்வமாகச் சூட்டிய பெயர் ˈஒய்ட் ஹவுஸ். அழுத்தத்தைப் பின்னால் தள்ளினால் உங்கள் தெருவில் இருக்கும் ஏதாவது ஒரு வெள்ளை வீடாகிவிடும்.

மாணவர்கள் சிரித்து நினைவில் வைத்துக்கொள்வது இதைத்தான்: ˈஇங்க்லிஷ் டீச்சர் என்றால் ஆங்கிலம் கற்பிப்பவர். இங்க்லிஷ் ˈடீச்சர் என்றால் இங்கிலாந்துக்கார ஆசிரியர், அவர் கணக்குக்கூட எடுக்கலாம். நான் மதுரைக்காரன், பத்து வருஷமாக இரண்டாவது வகை என்று அறிமுகம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

மூன்று துண்டு சேர்ந்தால் அழுத்தமே மூட்டையும் காட்டிக்கொடுக்கும். ˈலைட்ஹவுஸ் கீப்பர் கலங்கரை விளக்கைக் காப்பவர். லைட் ˈஹவுஸ்கீப்பர் எடை குறைந்த வீட்டுப் பணியாள். எழுத்தும் அதே, வரிசையும் அதே.

அழுத்துவது என்றால் கத்துவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வகுப்பில் நான் ஆளுக்கொரு ரப்பர் பேண்ட் கொடுப்பேன். இரண்டு கட்டைவிரலிலும் மாட்டிக்கொண்டு, க்ரீன் என்னும்போது இழு, ஹவுஸ் என்னும்போது தளர விடு. குரலைச் சற்று உயர்த்தி உயிரொலியை நீட்டினால் போதும், சத்தம் தானாக வரும். அதைவிட முக்கியம், தளர விடும் பாதியை உண்மையிலேயே தளர விடுவது. நம்மவர்கள் இரண்டு பாதியையும் இழுத்தபடியே வைத்திருப்பார்கள். அப்புறம் கேட்பவருக்கு எது முக்கியம் என்று எப்படித் தெரியும்?

அறிகுறி: முதல் துண்டை அழுத்து என்றீர்கள், அழுத்தினேன், அதுவும் தப்பாம்

ஆமாம், அந்த விதிக்கு ஓட்டை உண்டு. எதனால் செய்தது என்று முதல் துண்டு சொன்னால் அழுத்தம் பின்னால் போகும். கோல்ட் ˈரிங், பேப்பர் ˈபேக், ஆப்பிள் ˈபை. எதற்காக, எதைச் சார்ந்து என்று சொன்னால் முன்னால் நிற்கும். ˈகோல்ட்-ஸ்மித், ˈஷாப்பிங் பேக். சரி, ஜூஸும் பழத்தால் ஆனதுதானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ˈஆப்பிள் ஜூஸ், ˈஆரஞ்ச் ஜூஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஜூஸ் விதிவிலக்கு, காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

தெருப்பெயர் இன்னும் வேடிக்கை. 'ஸ்ட்ரீட்' என்று முடிந்தால் அழுத்தம் முன்னால்: ˈஆக்ஸ்ஃபர்ட் ஸ்ட்ரீட், ˈடவுனிங் ஸ்ட்ரீட். ரோட், லேன், ஸ்கொயர், அவென்யூ என்று முடிந்தால் பின்னால்: பார்க் ˈலேன், ட்ரஃபால்கர் ˈஸ்கொயர், ஃபிஃப்த் ˈஅவென்யூ. ஆட்டோவில் போகும்போது கடைப் பலகைகளைப் பார்த்துப் பயிற்சி செய்ய ஏற்ற விதி இது.

தனித்தனியாக மனதில் வைக்க வேண்டியவை சில: டவுன் ˈஹால், ஆனால் ˈபோஸ்ட் ஆஃபீஸ். ஹெட்-ˈமாஸ்டர், ஆனால் ˈஹெட்-லைன். தாய்மொழியைக் குறிக்கும் சொல், மதர் ˈடங்.

அறிகுறி: ஒரே சொல் ஒரு வரியில் முன்னால் அழுந்துகிறது, இன்னொரு வரியில் பின்னால்

முதலில் அது பெயரா வினையா என்று பாருங்கள். வண்டி நின்றுபோய்விட்டது என்று வினையாகச் சொன்னால் ப்ரேக் ˈடவுன். அந்தச் சம்பவத்துக்குப் பெயர் ˈப்ரேக்-டவுன். விமானம் டேக் ˈஆஃப் ஆகும், அந்த நிகழ்ச்சி ˈடேக்-ஆஃப். தண்ணீர் ஓவர்-ˈஃப்ளோ ஆகும், தொட்டியில் இருக்கும் குழாய் ˈஓவர்-ஃப்ளோ. அண்டர், ஓவர் என்று தொடங்கும் வினைகளில் பெரும்பாலும் பின்பாதிக்கே அழுத்தம்: அண்டர்-ˈஸ்டாண்ட், ஓவர்-ˈடேக். பெயரான ˈஓவர்-டைம், ˈஓவர்-கோட் இரண்டிலும் முன்னால். வழிப்போக்கரான பாஸர்-ˈபையும், இரண்டாம் இடக்காரரான ரன்னர்-ˈஅப்பும் மட்டும் பெயராக இருந்துகொண்டே பின்னால் அழுந்துகிறார்கள்.

பெயர், வினை வித்தியாசம் இல்லாமலும் மாறினால், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். வாக்கியக் கடைசியில் நிற்கும்போது செகண்ட்-ˈஹேண்ட். 'கார்' பக்கத்தில் வந்ததும் ˈசெகண்ட்-ஹேண்ட் ˈகார். ஆஃப்டர்-ˈநூன் தனியாக இருந்தால் பின்னால், டீ வந்தால் ˈஆஃப்டர்-நூன் ˈடீ. இரண்டு அழுத்தம் ஒட்டி உட்கார்ந்தால் இடிக்கும் என்று முன்னது ஒதுங்கி இடம் விடுகிறது. டவுன்பஸ் சீட்டில் நடப்பதுதான். எனவே அகராதியில் பின்னால் என்று பார்த்துவிட்டு, படத்திலோ செய்தியிலோ முன்னால் என்று கேட்டால் அகராதி பொய் என்று முடிவு கட்ட வேண்டாம்.

அறிகுறி: அழுத்தம் சரி, சிலபிள் சரி, ஆனாலும் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருக்கிறது

இரண்டாவது துண்டை மங்கவிடவில்லை என்று அர்த்தம். தனியாக நின்றால் மேன், லேண்ட். ஒட்டிக்கொண்டால் ˈபோஸ்ட்-மன், ˈஇங்-க்லன்ட். ˈஆக்ஸ்-ஃபட், ˈபோர்ட்ஸ்-மத் எல்லாம் அப்படித்தான், 'ஃபோர்ட்', 'மவுத்' என்று வாயைத் திறக்கவே மாட்டார்கள். ஸ்ட்ராபெரியை பிரிட்டனில் ˈஸ்ட்ரா-ப்ரி என்று சுருட்டுவார்கள், அமெரிக்கர்கள் 'பெரி'யை முழுசாகச் சொல்வார்கள். எல்லாவற்றிலும் மங்கவைக்கக் கூடாது. ˈபிஸ்னஸ்-மேனில் பலரும் 'மேன்' என்று முழுசாகவே சொல்கிறார்கள். புதிய சொல்லில் துண்டு விறைப்பாக நிற்கும், புழங்கிப் புழங்கித் தேய்ந்த சொல்லில் மங்கும் என்பது என் அனுமானம்.

அறிகுறி: இரண்டு அகராதி, இரண்டு விடை

பாதி நேரம் அகராதிகள் சண்டை போடுவதில்லை, நாம்தான் தப்பான வரியைப் படிக்கிறோம். தலைச்சொல்லின் நடுவே இருக்கும் புள்ளிகள் பல அகராதிகளில் அச்சில் வரியை எங்கே உடைக்கலாம் என்பதற்கானவை. மெரியம்-வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதியில் ஓவர்கோட்டுக்குள் ஒரே ஒரு புள்ளிதான் இருக்கும், ஓவருக்கும் கோட்டுக்கும் நடுவில். வரிக் கடைசியில் 'ஓ' என்ற ஒற்றை எழுத்தை அநாதையாக விடக் கூடாது என்பதால் அங்கே புள்ளி இல்லை. அதைப் பார்த்து இரண்டு சிலபிள் என்று எழுதி மார்க் போனவர்கள் உண்டு. பக்கத்தில் இருக்கும் உச்சரிப்பு வரியில்தான் ஓ-வர்-கோட் என்று மூன்றும் இருக்கும்.

மீதி நேரம், ஒன்று பிரிட்டிஷ், ஒன்று அமெரிக்கன். வாரக் கடைசியை பிரிட்டனில் வீக்-ˈஎண்ட் என்கிறார்கள், அமெரிக்காவில் ˈவீக்-எண்ட். ஐஸ்க்ரீமிலும் இந்த இழுபறி உண்டு. ஏதாவது ஒரு பக்கம் நின்றுகொள்ளுங்கள், கலந்து அடிக்காமல் இருந்தால் சரி.

அப்புறம் அந்த மேல்கோடு. கல்லூரி முதலாண்டில் நான் அதைத் தனக்கு முன்னால் இருக்கும் சிலபிளுக்கானது என்று எடுத்துக்கொண்டேன். தமிழில் புள்ளியோ துணைக்காலோ எழுத்தின் மேலேயோ பக்கத்திலேயோ ஒட்டியிருக்கும், எழுதி முடித்த எழுத்துக்குப் போடும் அடையாளம் என்று கை பழகியிருந்தது. கோடு சொல்லின் தொடக்கத்திலேயே வந்தால்? அதற்கு முன்னால் சிலபிளே இல்லையே? ஏதோ மேற்கோள் குறியைத் திறந்துவிட்டு மூட மறந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கூட்டுப்பெயர்களில் முக்கால்வாசிக்கு அந்தக் கோடு தொடக்கத்தில்தான் வரும். ஒரு வருஷம் முழுக்க அவ்வளவு சொல்லிலும் அதை அச்சுப்பிழை என்று தாண்டிப் போயிருக்கிறேன். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: சில அமெரிக்க அகராதிகளில் கோடு நிஜமாகவே அழுத்தமான சிலபிளுக்குப் பின்னால்தான் வரும். எந்த அகராதியை எடுத்தாலும் முன்பக்கத்தில் இருக்கும் குறி விளக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அலைபேசிச் செயலியில் அந்தப் பக்கம் இருக்காது, ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.